தானாக நின்றுவிட்டவள்

இன்று காலை கோயம்புத்தூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எலுமிச்சம்பழம் ஒன்றை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். வாசம் வந்ததும் எனக்கு உட்காரவே முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்து நின்றேன். “ஏனுங்கக்கா, சீட்டு இருக்குதுல்லங்க, எதுக்கு நிக்கறீங்க?” என்று கண்டக்டர் பையன் கேட்டான். கால் மரத்துப் போச்சு என்று ஏதோ சொல்லிவைத்தேன். பீளமேடு வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.

போன வேலையிலும் மனம் ஒட்டவில்லை. திரும்பி வந்து மண்ணரையில் வீட்டுக் கதவைத் திறந்து, அடுப்பைப் பற்ற வைத்து, அணைத்து, மறுபடி பற்ற வைத்து, கடைசியில் இதை எழுத உட்கார்ந்தேன். இதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியே எனக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

உங்களை நாங்கள் எல்லாரும் மொதலாளியம்மா என்றுதான் கூப்பிட்டோம். உங்கள் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது கோர்ட்டில் டவாலி சத்தம் போட்டுக் கூப்பிட்டபோதுதான். மஞ்சள் காமாலையில் உங்கள் வீட்டுக்காரர் போனபின் பனியன் கம்பெனி உங்கள் பெயருக்கு வந்தது. பெயர் உங்களுடையது, நடத்தியது உங்கள் கொழுந்தனார். நீங்கள் மாடி ஆபீஸில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைக்கிற தாள்களில் கையெழுத்துப் போடுவீர்கள். கீழே இறங்கி வந்தால் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதற்குமேல் உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சில்லை.

நான் கீழே செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் தனியே எடுத்து வைத்து, நல்லதை மடித்துக் கட்டுகிற வேலை. அந்த அறையில் நாங்கள் பெண்கள் மட்டும்தான். எங்களுக்கென்று ஒரு கக்கூஸ் கிடையாது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் காலையில் வந்தால் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். வயிற்று வலி வராத பெண் அந்த அறையில் இல்லை.

ஒருநாள் நான்தான் உங்கள் கொழுந்தனாரிடம் கேட்டேன். “ஒரு மறைப்பாவது கட்டிக் குடுங்க” என்றேன். அவர் மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார். “வேல செய்ய வர்றீங்களா, வேற எதுக்காச்சும் வர்றீங்களா?” என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் விடவில்லை. “உங்கூட்டுப் பொம்பளைங்களையும் இப்படித்தான் பள்ளத்துக்கு அனுப்புவீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் கறுத்தது. அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரம் என் பையனுக்கு அம்மை போட்டபோது வந்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது, உங்களுக்கே தெரியும். அவன் அப்பாவோ பல்லடத்தில் தறி ஓட்டப் போய் அங்கேயே தங்கியிருந்தார். அடுத்த வரிசையில் குடியிருந்த சரசாவும் அதே செக்கிங்கில்தான் வேலை செய்தாள். அவளைத் தெருவிலேயே நிற்க வைத்து, கம்பெனியில் சொல்லிவிடச் சொன்னேன். “சொல்லிப்போடறேன், நீ புள்ளையப் பாரு” என்றாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவன் எழுந்து நடமாடின பிறகுதான் வேலைக்கு வந்தேன்.

கேட்டில் உங்கள் கொழுந்தனாரே நின்றிருந்தார்.

“எங்க வந்தே?”

“வேலைக்குத்தானுங்க.”

“நீதான் நின்னுட்டியே. நின்னுபோனவளுக்கு இங்கென்ன வேல?”

“நான் எங்கீங்க நின்னேன்? பையனுக்கு அம்மைங்க. சரசாகிட்டச் சொல்லி உட்டனுங்களே.”

“எங்கிட்ட யாரும் ஒண்ணுஞ் சொல்லல. நடையக் கட்டு.”

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். நான் போகவில்லை. மத்தியானச் சங்கு ஊதுகிறவரை வெயிலிலேயே நின்றேன். சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. முன்னறிவிப்பு ஏதுமின்றித் தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டபடியால் தங்கள் பெயர் நீக்கப்பட்டது என்று டைப் அடித்திருந்தது. கீழே உங்கள் கையெழுத்து. அன்றைக்கு நான் உங்களைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

தொழிற்சங்கத்தில் சுப்பையண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். அவர் பெரிய படிப்பாளி இல்லை, ஆனாலும் இந்த மாதிரிக் கடிதங்கள் நிறையப் பார்த்தவர்.

“வெவரமான ஆளு எழுதிக் குடுத்திருக்கான் கண்ணு” என்றார். “உன்னைய வேலையை உட்டு எடுக்கறதுன்னா சும்மா எடுத்துப்போட முடியாது. இன்ன தப்புப் பண்ணுனேன்னு எழுதிக் குடுக்கோணும். உன்ற பதிலைக் கேக்கோணும். விசாரணை வெக்கோணும், சாட்சியை நீ கேள்வி கேக்க உடோணும். இதுல ஒண்ணுமே அவங்க பண்ணல. அதனாலதான் எடுத்தோம்னே சொல்லல. நீயா நின்னுட்டேங்கறாங்க.”

“நான் நிக்கலீங்களே அண்ணா.”

“அதுதான் கேஸே. நீயா நின்னியா, அவங்க நிறுத்துனாங்களா. நிறுத்துனாங்கன்னு ஆச்சுன்னா விசாரணை இல்லாம நிறுத்துனது செல்லாது. நீயா நின்னேன்னு ஆச்சுன்னா சட்டம் உன்ற பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. அன்னைக்கு நீ கேட்டுக்கு வந்தியா இல்லியா, அது ஒண்ணுதான். அதைப் பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்வாங்களா?”

எத்தனையோ பேர் பார்த்தார்கள். யார் சொல்லப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

சமரச அதிகாரி முன்னால் பேச்சு முறிந்து, கேஸ் கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டுக்குப் போனது. முதல் வாய்தாவுக்கு உங்கள் கொழுந்தனார் காரில் வந்தார். கேஸ் எடுக்கவே இல்லை. அடுத்ததற்கும் எடுக்கவில்லை. அவருக்கு அலுத்துவிட்டது. கம்பெனி உங்கள் பெயரில் இருக்கிறது, கடிதத்தில் கையெழுத்தும் உங்களுடையது, நீங்களே போய் உட்காருங்கள் என்று கணக்குப்பிள்ளையைத் துணைக்குச் சேர்த்து பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஏறினீர்கள். வேறு இடமே இல்லை. கணக்குப்பிள்ளை பின்னால் ஆண்கள் பக்கம் போய்விட்டார், சுப்பையண்ணனும் அங்கேதான். நீங்கள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். என் உடம்பெல்லாம் எரிந்தது. அவினாசி வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவினாசி தாண்டியதும் நீங்கள் மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தீர்கள். உங்களுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று அப்போதுதான் தெரிந்தது.

கருமத்தம்பட்டி வரும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்: “பையனுக்கு இப்பப் பரவால்லியா? தழும்பு கிழும்பு உளுந்துருச்சா?”

“கன்னத்துல ரெண்டு இருக்குதுங்க” என்றேன். சொல்லிவிட்டு என்னையே நொந்துகொண்டேன். வேலையைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை விசாரிக்கிறாளே என்று ஒரு பக்கம் ஆத்திரம். என் பையனைப் பற்றிக் கேட்க அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் இருக்கிறதே என்று இன்னொரு பக்கம்.

இறங்கியதும் சுப்பையண்ணன் கடிந்துகொண்டார். “அந்தம்மாகிட்ட வாயத் தொறக்காதே. நீ பேசறதையெல்லாம் வக்கீலுகிட்ட ஒப்பிச்சுப் போடுவாங்க.” அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. அடுத்தடுத்த பயணங்களில் நீங்கள் எதைக் கேட்டாலும், இதை எதற்குக் கேட்கிறார்கள், இதில் என்ன பொறி இருக்கிறது என்று தேடுவேன். மழை பெய்ததா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வேன். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாம் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் போனோம். கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்வோம். அந்த ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் நாம் மட்டும். அங்கேயும் நமக்குக் கக்கூஸ் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டம்மாவிடம் கேட்டு நீங்கள்தான் முதலில் ஏற்பாடு செய்தீர்கள். செய்துவிட்டு என்னிடம் வந்து, “வா பழனாத்தா, நானும் போவோணும்” என்றீர்கள். அந்த வீட்டுப் புழக்கடையில் உங்களுக்காகக் காத்து நின்றபோது, செக்கிங் அறையில் நான் கேட்டது உங்கள் காதுக்கு வந்திருக்குமா என்று நினைத்தேன். கேட்கத் துணியவில்லை.

ஒருமுறை கருமத்தம்பட்டி அருகே பஸ் நின்றுபோனது. புளியமரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தீர்கள். மூடியில் பாதியை வைத்து என் பக்கம் நகர்த்தினீர்கள். வேண்டாமுங்க என்றேன். “கேஸு கோர்ட்டுல நடக்குது. பசி வவுத்துல. சாப்புடு” என்றீர்கள். சாப்பிட்டேன். சுப்பையண்ணன் தூரத்தில் நின்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

சாட்சி விசாரணை தொடங்கியது. வாட்ச்மேன் கூண்டில் ஏறி, அந்தப் பெண் திரும்ப வரவே இல்லை என்றான். அடுத்தது சரசா. என் பையனை இடுப்பில் தூக்கிச் சோறு ஊட்டியவள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் வக்கீல் எத்தனையோ விதமாகக் கேட்டார். தரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அவள் புருஷனும் அதே கம்பெனிதான், அவள் என்ன செய்வாள் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நான் வெயிலில் நின்ற அந்தப் பகல் நடக்கவே இல்லை என்று ஒவ்வொருவராக வந்து அழித்துவிட்டுப் போனார்கள். ஒருவேளை நான்தான் வரவில்லையோ, தூக்கம் கெட்டுக் கண்ட கனவோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. அப்படி ஒரு பயம் யாருக்கும் வரக் கூடாது.

கம்பெனியின் கடைசிச் சாட்சி நீங்கள். அன்று காலை அவினாசி வருவதற்குள்ளேயே வாந்தி எடுத்தீர்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டச் சொல்லி உங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. பழம் கீறியும் நிற்கவில்லை. பஸ்தான் காரணம் என்று நினைத்தேன்.

உங்கள் வக்கீல் முறைப்படி கேட்டுக்கொண்டே வந்தார். கம்பெனி உங்களுடையதா? ஆமாங்க. இந்தக் கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்தா? ஆமாங்க. பிறகு, பதில் தெரிந்தவர் கேட்கிற மாதிரி, தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “விடுப்புச் சொல்லாம நின்ன பிறகு, இந்தப் பழனாத்தாள் வேலை கேட்டுக் கம்பெனிக்குத் திரும்ப வந்தாங்களா?”

வக்கீல் தலையைத் தூக்கி மறுபடி கேட்டார். நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டு, “பயப்படாமச் சொல்லுங்கம்மா. வந்தாங்களா, இல்லையா?” என்றார்.

“வந்தாங்க” என்றீர்கள்.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் நிறுத்தவில்லை. “காலைல வந்தாங்க. எங்க கொழுந்தனாரு கேட்டுல நிறுத்திப்போட்டாரு. மத்தியானச் சங்கு ஊதற வரைக்கும் வெயில்ல நின்னாங்க. மாடில இருந்து நான் பாத்துட்டேதான் இருந்தனுங்க. பையனுக்கு அம்மைன்னு சரசா வந்து எங்கிட்டத்தான் சொன்னா. நான் கொழுந்தனாருகிட்டச் சொன்னேன்.”

சுப்பையண்ணன் என் கையை இறுகப் பிடித்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீங்கள் கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கணக்குப்பிள்ளை எழுந்து வெளியே ஓடினார், டெலிபோன் செய்ய.

திரும்பும்போது பெண்கள் சீட்டில் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்ததும் நகர்ந்து இடம் விட்டீர்கள். “ஜன்னல் பக்கம் வாங்க, காத்து வரும்” என்று மட்டும் சொல்லி இடம் மாற்றிக்கொண்டேன். சூலூர்ப் பக்கம் பிரிகிற ரோடு தாண்டியதும் பேசினீர்கள்.

“அந்தக் கடுதாசில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் பழனாத்தா. தெரியாமப் போட்டேன்னு நெனச்சுக்காதே.”

அவினாசியில் கூட்டம் ஏறியது. பேச்சு அத்தோடு நின்றது.

தீர்ப்பு வர மேலும் சில மாதம் ஆனது. தானாக நின்றதாகச் சொல்வது பொய், இது வேலைநீக்கம், குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் செய்த வேலைநீக்கம் செல்லாது, விட்ட இடத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று அதே கேட்டு, அதே வாட்ச்மேன். கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். உள்ளே வந்தால் கட்டடத்துக்குப் பின்னால் ஓடு போட்டுக் கதவு வைத்த இரண்டு புதுக் கக்கூஸ்கள். பெண்களுக்கென்று பெயின்டில் எழுதியிருந்தது. “மொதலாளியம்மா தானே நின்னு கட்டுனாங்க. கொத்தனாரை ஊட்டுக்குப் போவ உடல” என்று பெண்கள் சொன்னார்கள். உங்களைப் பார்க்க மாடிக்குப் போனேன். ஆபீஸில் உங்கள் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார்.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசிப் பாகம் பிரித்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சொந்தக் குடும்பத்துக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவளிடம் கம்பெனி இருக்கக் கூடாது என்றார்களாம். பல்லடத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடும், ஓடுகிற வரை ஓடட்டும் என்று பழைய தறிகளும் உங்களுக்கு ஒதுக்கினார்கள். நான் கம்பெனிக்குள் வந்தேன், நீங்கள் வெளியே போனீர்கள். வெகுநாள் அந்த செக்கிங் மேஜையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பல்லடத்துக்கு ஒருமுறை வந்தேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நீங்கள் இளைத்திருந்தீர்கள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நீங்களே நூல் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். கேட்க வேண்டும் என்று வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“எதுக்குங்கம்மா அப்படிச் சொன்னீங்க? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு எல்லாம் இருந்திருக்குமுங்களே.”

அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தீர்கள். “இல்லைன்னு சொல்லீட்டு, வரும்போது உன்ற பக்கத்துல எப்படி உக்காந்து வர்றது? அவினாசி வரைக்குமாவது வரோணும்ல?” என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தீர்கள்.

அது போதாது எனக்கு. அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை. மாடியில் நின்று பார்த்தபோதே ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்க நினைத்து, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை பஸ் பயணம் தேவைப்பட்டதா அந்த மாடிப்படி இறங்க? இன்னொரு தடவை வந்து கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சுப்பையண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. இப்போது சங்கத்தில் பெண்கள் விவகாரத்தை நான்தான் பார்க்கிறேன். இன்று கோயம்புத்தூர் போனதும் ஒரு பெண்ணுக்காகத்தான். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப்பில் இருந்தவள், பிரசவத்துக்குப் போய்த் திரும்பினால் தானாக நின்றுவிட்டாள் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதே வாசகம்தான், டைப் அடித்த மிஷின் மட்டும் வேறு. நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனி வாசலுக்குப் போகிறேன். உள்ளே விட மாட்டார்கள், தெரியும். எத்தனையோ வாசல்களில் இப்படி நின்றாகிவிட்டது. பெரும்பாலும் யாரும் வந்து சாட்சி சொன்னதில்லை. ஆனாலும் கேட்டில் நிற்கிற ஆளோடு மட்டும் பேச எனக்கு வருவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் எதற்கு இப்படிக் கத்துகிறாய் என்கிறார்கள். பெண்ணின் பெயரையும், அவள் எதற்குப் போனாள், என்றைக்கு வந்தாள் என்பதையும், மாடியில் யார் நின்றாலும் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொல்கிறேன்.